நின்றுபோன பத்திரிகை, பிறந்துவந்த எழுத்தாளர்

தாத்தா தொடங்கிய பத்திரிகைக்கு மீண்டும் உயிர் கொடுக்கப் போன சத்யஜித் ரே, அதன் பக்கங்களை நிரப்பப் பேனாவைக் கையில் எடுத்தார்.

கரியாஹாட் நாற்சந்தியின் நடைபாதைப் புடவைக் கடைகளைத் தாண்டி ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட் வந்துவிடும். கல்கத்தாத் தமிழர்கள் காபித்தூளுக்கும் வாழை இலைக்கும் தலைமுறைகளாகப் போய்வரும் பாதை இது. வங்காளிகளுக்கு இந்தச் சாலையில் இன்னொரு ஞாபகமும் உண்டு. குழந்தைகள் பத்திரிகையான 'சந்தேஷ்' பல ஆண்டுகள் இங்கேயுள்ள ஒரு வீட்டிலிருந்துதான் நடந்தது. இரண்டு முறை நின்று, மூன்றாவது முறையாக எழுந்து நடந்த பத்திரிகை அது.

'சந்தேஷ்' என்றால் வங்காளத்தில் செய்தி. பால் இனிப்புக்கும் அதுவே பெயர். 1913-ல் அதைத் தொடங்கியவர் உபேந்திர கிஷோர் ரே சௌத்ரி. எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலை நிபுணர். 1915 டிசம்பரில் அவர் மறைந்ததும் மகன் சுகுமார் ரே ஆசிரியரானார். அவரது வேடிக்கைப் பாடல்களை இன்றும் ஒப்பிக்காத வங்காளக் குழந்தை அபூர்வம். ஆனால் காலா அசார் காய்ச்சல் அவரை 1923 செப்டம்பரில், 35 வயதில் கொண்டுபோயிற்று. பாடல்கள் 'ஆபோல் தாபோல்' என்று புத்தகமாக வந்தபோது அவர் இறந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. பத்திரிகை நின்றது; குடும்பத்தின் அச்சகமும் கைவிட்டுப் போனது. முப்பதுகளில் சித்தப்பா சுபினய் அதை மீட்டெடுத்தார். சில வருடங்களே தாங்கியது.

பிறகு கால் நூற்றாண்டு மௌனம்.

1961 மே மாதம் சந்தேஷ் திரும்ப வந்தது. அந்த மாதம்தான் சத்யஜித்துக்கு நாற்பது வயது நிறைந்தது. 'பதேர் பாஞ்சாலி'யால் உலகப் புகழ் பெற்றிருந்தார். தாகூர் நூற்றாண்டையொட்டி ஆவணப்படம், 'தீன் கன்யா' என்று மூச்சு விட நேரமில்லாத வருடம். அந்த நெருக்கடியிலும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சந்தேஷுக்கு ஆசிரியராக அமர்ந்தார்.

பத்திரிகை என்றால் மாதாமாதம் பக்கம் நிரம்ப வேண்டும். அதுவரை வங்காளத்தில் கதாசிரியராக அறியப்படாத சத்யஜித், முதல் இதழில் எட்வர்ட் லியரின் வேடிக்கைப் பாடலை மொழிபெயர்த்தார். அதே வருடம் விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்கு பிறந்தார். 1965 டிசம்பரில் ஃபெலுடா வந்தார். தென் கல்கத்தாவின் ரஜனி சென் சாலைவாசியான இந்தத் துப்பறிவாளருக்கு முழுமையான கதைகள் மட்டும் 35. ஒரு கட்டத்தில் புகழ்பெற்ற 'தேஷ்' பத்திரிகையே தன் பூஜை மலருக்கு ஃபெலுடாவைக் கேட்டு வாங்கியது.

தாத்தாவின் கதைகளை மறுபதிப்புச் செய்வதோடு நிறுத்தியிருந்தால் சந்தேஷ் ஒரு நினைவு மலராக முடிந்திருக்கும். பேரன் பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய பண்டத்தைப் பரிமாறினார். பழையதும் வீணாகவில்லை. 1915-ல் சந்தேஷில் வந்த தாத்தாவின் கூப்பி கதைதான் 1969-ல் 'கூப்பி காயின் பாகா பாயின்' படமானது.

தனி ஆளின் ஆர்வம் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே புரிந்திருக்கிறது. 1963-ல் சுகுமார் பெயரில் லாப நோக்கமற்ற எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பத்திரிகையை அதனிடம் ஒப்படைத்தார்கள். ஒன்றுவிட்ட அத்தை லீலா மஜும்தாரும், அத்தை மகள் நளினி தாஸும் ஆசிரியர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். ராஷ்பிஹாரி அவென்யூ அலுவலகம் நளினி தாஸின் வீடுதான். 1992-ல் சத்யஜித் மறைந்தபோது பத்திரிகை கூடவே போய்விடாததற்கு இந்த ஏற்பாடே காரணம். பின்னாளில் மகன் சந்தீப் ரே ஆசிரியரானார்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. சுந்தர ராமசாமி 1988-ல் தொடங்கி, சில இதழ்களோடு நின்ற 'காலச்சுவடு', 1994-ல் மகன் கண்ணனின் முயற்சியில் மீண்டது. ஒரு பதிப்பகமாகவும் வளர்ந்தது. ஆனால் நம் குழந்தைகள் பத்திரிகைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1947-ல் பிறந்த 'அம்புலிமாமா' 1998-ல் நின்று அடுத்த வருடமே மீண்டது. பின்னர் கைமாறி, அதுவும் நின்றுபோனது. பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இன்றும் குறைவில்லை. எல்லோரும் பெரியவர்கள்.

ஃபெலுடாவைத் தமிழ்க் குழந்தைகள் வீ.பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். நாற்பது வயதில் ஒருவர் தன் வீட்டுப் பத்திரிகையின் வெற்றுப் பக்கங்களைப் பார்த்து இன்னொருவர் எழுதட்டும் என்று இருந்துவிடாததால் கிடைத்த கதைகள் அவை.