போர்க்களத்தைக் காட்டாத போர்ப்படம்

2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘டைகர்லேண்ட்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் வியட்நாம் போரைப் பற்றியது. ஆயினும் வியட்நாம் மண் அதில் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. போருக்கு அனுப்பப்படுவதற்கு முன் காலாட்படைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் இளைஞர்களோடு கதை தொடங்கி, அவர்கள் புறப்படும் நாளோடு முடிந்துவிடுகிறது.

கதை நிகழும் 1971ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்பு, அதாவது குறிப்பிட்ட வயதுள்ள ஆண்களை அவர்கள் விருப்பத்தைக் கேளாமல் அரசு படையில் சேர்க்கும் முறை, நடைமுறையில் இருந்தது. 1969 டிசம்பர் 1 அன்று, ஆண்டின் 366 தேதிகளும் எழுதப்பட்ட சீட்டுகள் குலுக்கலில் எடுக்கப்பட்டு, எந்தத் தேதியில் பிறந்தவர் முதலில் அழைக்கப்படுவார் என்பது தொலைக்காட்சியில் நாடறிய முடிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்த, வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை, 1971இன் இறுதிக்குள் ஒன்றரை லட்சமளவுக்குச் சுருங்கியது. அரசே கைவிட்டுக்கொண்டிருந்த ஒரு போரில் போய்ச் சாவதற்கு எவருக்கு மனம் வரும்? படத்தில் வரும் ஒவ்வொருவரின் முகத்திலும் இந்தக் கேள்வி நிழலாடுகிறது.

டைகர்லேண்ட் கற்பனைப் பெயரன்று. லூசியானா மாநிலத்தின் ஃபோர்ட் போல்க் இராணுவத் தளத்துக்குள், புழுக்கமும் சதுப்பும் அடர்ந்த காட்டுப்பகுதியில், வியட்நாமியக் கிராமங்களைப் போலவே குடிசைகளை அமைத்து, படைவீரர்களில் சிலரை எதிரிகளாக நடிக்கவைத்துப் பயிற்சி தந்த இடத்துக்கு வழங்கிய பெயர் அது. திரைப்படக் கலை இயக்குநர் செய்யும் வேலையை இராணுவமே முன்னதாகச் செய்து வைத்திருந்தது என்று சொல்லலாம். படக்குழுவோ லூசியானாவுக்கும் செல்லவில்லை. ஃபுளோரிடாவிலுள்ள கேம்ப் பிளாண்டிங் என்ற பயிற்சித் தளத்தில் படமாக்கியது. ஆக, வியட்நாமாக நடித்த லூசியானாவாக ஃபுளோரிடா நடித்தது. பெரும் போர்ப்படங்கள் கோடிகளைக் கொட்டி மறைக்க முயலும் பொய்த்தோற்றம் இங்கே கதையின் பொருளாகவே இருப்பதால், எதையும் மறைக்கவேண்டிய தேவை இப்படத்துக்கு எழவில்லை.

இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ என்ற பெரும் பொருட்செலவுப் படத்தை எடுத்து, விமர்சகர்களின் கடும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். ‘டைகர்லேண்ட்’ சுமார் ஒரு கோடி டாலர் செலவில், நான்கு வார அளவிலான படப்பிடிப்பில் முடிக்கப்பட்டது; ஹாலிவுட் கணக்கில் இது சிறு தொகை. ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாட்டிக் 16 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தினார். வழக்கமான 35 மி.மீ. சுருளைவிட அகலம் குறைந்த இது செலவைக் குறைப்பதோடு, திரையில் பெரிதாக்கப்படும்போது மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பையும் தரும். வியட்நாமிலிருந்து வந்த தொலைக்காட்சிச் செய்திப் படங்களும் 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டவையே என்பதால், கையில் ஏந்திய கேமராவின் அலைவும் வெளிறிய நிறங்களும் சிக்கனத்தின் அடையாளங்களாகத் தோன்றாமல், அந்தக் காலத்தின் சாட்சியங்களாகத் தோன்றுகின்றன.

கதையின் நடுவில் இருப்பவன் ரோலண்ட் பாஸ். அப்போது அமெரிக்க ரசிகர்கள் அதிகம் அறியாத அயர்லாந்து நடிகர் காலின் ஃபாரல் இவ்வேடத்தை ஏற்றார். அதிகாரிகளை எதிர்த்துப் பேசித் தண்டனைகளைச் சிரித்துக்கொண்டே ஏற்கும் பாஸ், இராணுவ விதிகளை அவற்றை எழுதியவர்களைவிட நன்றாகப் படித்தவன். குடும்பச் சுமையால் நொறுங்கிய ஒருவனையும், மனமுடைந்த இன்னொருவனையும் விதிகளில் உள்ள இடைவெளிகள் வழியாகவே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். தான் மட்டும் வெளியேறுவதில்லை. போர் அனுபவத்தை எழுதவேண்டும் என்ற ஆசையில் தானாக முன்வந்து சேர்ந்த நண்பன் பாக்ஸ்டனை அவன் காப்பாற்றும் விதம் படத்தின் உச்சம். குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் கொண்ட வெற்றுத் தோட்டாவை நண்பனின் முகத்தருகே வெடிக்கச் செய்து, கண்ணைக் காயப்படுத்தி, அவனைப் போருக்குத் தகுதியற்றவனாக்கிவிடுகிறான். கருணை இங்கே வன்முறையின் வடிவில்தான் வரமுடிகிறது.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ (1987) முதற்பாதியில் இதே பயிற்சி உலகைக் காட்டியது. அதில் பயிற்சி மனிதனை இயந்திரமாக வார்க்கும் பட்டறை. தப்பிக்கும் வழியே கிடையாது. ‘டைகர்லேண்ட்’ திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரான ராஸ் கிளாவன் அக்கால இராணுவப் பயிற்சியை நேரில் கண்டவர் என்பதாலோ என்னவோ, இப்படம் காட்டும் இராணுவம் சலிப்பும் ஓட்டைகளும் நிறைந்த, தன் நோக்கத்தில் தானே நம்பிக்கை இழந்த அமைப்பாக இருக்கிறது. 1971ஐப் பொறுத்தவரை இதுவே உண்மைக்கு அருகில் நிற்கிறது. குறையும் உண்டு: பாஸ் அளவுக்கு மீறி வசீகரமானவனாகவும், அவனுடைய எதிரி வில்சன் வெறும் கொடியவனாகவும் வரையப்பட்டிருப்பதால், சில இடங்களில் படம் வழக்கமான நாயக–வில்லன் மோதலாகச் சரிகிறது.

மிகச் சில அரங்குகளில் மட்டுமே வெளியான இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒன்றரை லட்சம் டாலரைக்கூட ஈட்டவில்லை. ஆனால் பாஸ்டன் திரை விமர்சகர்கள் சங்கம் அவ்வாண்டின் சிறந்த நடிகராக ஃபாரலைத் தேர்ந்தெடுத்தது. அவரும் ஷூமாக்கரும் மீண்டும் இணைந்த ‘ஃபோன் பூத்’ படத்தின் கதை, பெரும்பகுதியும் ஒரே ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நடப்பது.