பள்ளியிலிருந்து வரும் கடிதம்

1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகிறது. நம் பிள்ளைகள் அதனைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். ஆனால், ஒரு குடும்பத்தில் அக்கோட்பாடு உண்மையாகவே சோதனைக்குள்ளாவது, பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும் நாளன்றுதான். அந்நாளில் பெற்றோர்களாகிய நாம் செய்ய வேண்டுவது யாது என்பதை இங்குக் காண்போம்.

ஒரு தோட்டத்து வீட்டை நினைத்துப் பார்ப்போம். தாயும் தந்தையும் விடியுமுன்னரே பிரட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். பதினான்கு வயது மகன் தானே எழுந்து பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் அதனைத் தவறவிடுகிறான். மறுநாள் தாமதமாகச் சென்று கண்டிக்கப்படுகிறான். அதன் பின்னர், பட்டணத்தில் சுற்றிவிட்டுப் பள்ளி விடும் நேரத்தில் வீடு திரும்பும் பழக்கம் தொடங்குகிறது. கடிதம் வருகிறது. அது மலாய் மொழியில் இருப்பதால் அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர். "விளையாட்டுப் போட்டிக்குக் கட்டணம் கேட்கிறார்கள், அப்பா" என்கிறான். மூன்றாவது கடிதம் வந்த பின்னரே தந்தைக்கு உண்மை தெரிகிறது. அவருடைய கை பிரம்பைத் தேடுகிறது. "போதும் உன் படிப்பு" என்னும் சொல் வாயில் வருகிறது. இவ்விரண்டுமே நோயைத் தீர்க்காத மருந்துகளாகும்.

தக்க காரணமின்றித் தொடர்ந்து 3 நாள்களோ, விட்டுவிட்டு 10 நாள்களோ பள்ளிக்கு வராத மாணவனுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்படுகிறது. அதன் பின்னரும் வராவிடில் இரண்டாவதும் மூன்றாவதும் அனுப்பப்படுகின்றன. அதற்கும் பயனில்லையேல் பள்ளியிலிருந்து நீக்கப்படும் நிலை ஏற்படும். எனவே, முதற்கடிதம் தண்டனையன்று. காலத்தோடு விடுக்கப்படும் அறிவிப்பு. அதனைப் பிள்ளையிடம் கொடாமல், தோட்ட அலுவலகக் கிராணியிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ காட்டிப் பொருளறிதல் வேண்டும். பிள்ளை உண்மையிலேயே நோயுற்றிருந்தால், மருத்துவச் சான்றிதழைத் தவறாமல் பள்ளியில் சேர்ப்பிக்க வேண்டும்.

அடுத்து, அரை நாள் சம்பளம் போயினும் பள்ளிக்கு நேரில் செல்வதே நலம். வகுப்பாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், ஆலோசக ஆசிரியர் ஆகியோரைக் காணலாம். எந்தெந்த நாள்களில் வரவில்லை? எந்தப் பாடத்தில் பின்தங்கியுள்ளான்? யாருடன் பழகுகிறான்? இம்மூன்றையும் கேட்டறிந்தால் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாய் மொழியில் கற்க வேண்டியுள்ளது. பாடம் புரியாத வெட்கமே சிலரைக் குறும்புக்கும் மட்டம் போடுவதற்கும் தள்ளுகிறது. அத்தகைய பிள்ளைக்கு வேண்டுவது அடியன்று, பாடத்தில் உதவி.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் கூறுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். சட்டம் அவ்வாறு இடந்தரவில்லை. 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, தலைமையாசிரியரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ மட்டுமே பிரம்படி தரலாம். மாணவிகளுக்குப் பிரம்படி தருதல் கூடாது. இதற்கு மாறாக ஏதேனும் நிகழ்ந்ததாகப் பிள்ளை கூறினால், அவன் முன்னிலையில் ஆசிரியரை ஏசாமல், தலைமையாசிரியரிடம் அமைதியாக விளக்கம் கேட்கலாம். அங்குத் தீராவிடில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம்.

பள்ளியை நிறுத்திவிடுவதும் தீர்வன்று. 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இடைநிலைப் பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைக்கோ, சான்றிதழின்றித் தொழிற்பயிற்சியின் பல வாயில்கள் அடைபட்டுப் போகின்றன.

மீண்டும் அச்சிறுவனிடம் வருவோம். அவனுக்குத் தேவைப்பட்டது மிகச் சிறிய ஏற்பாடே. காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பேருந்துக்குச் செல்ல வழி செய்தல். வாரம் ஒரு முறை வகுப்பாசிரியருடன் தொலைபேசியில் பேசி வருகையை அறிதல். மாலையில் அவனருகில் அமர்ந்து அன்றைய நாளைப் பற்றிக் கேட்டல். தந்தைக்கு மலாய் படிக்கத் தெரியாவிடினும், மகனின் நோட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் நிறைகின்றனவா, வெறுமையாக உள்ளனவா என்பது கண்ணுக்குத் தெரியுமன்றோ?

பிள்ளையைத் திருத்தும் பொறுப்பு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு மட்டும் உரியதுமன்று. முதற்கடிதம் வந்தவுடனேயே பள்ளியின் வாயிலை மிதிக்கும் பெற்றோருக்கு மூன்றாவது கடிதத்தைப் பிரிக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வாராது.