நீலகிரி மலை இருப்புப்பாதையின் நீராவிப் பொறிகள்

நீலகிரி மலை இருப்புப்பாதையின் நீராவிப் பொறிகள் என்பவை, தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பயணிகள் வண்டியை மலையேற்றும் எக்ஸ் வகுப்புப் பொறிகள் ஆகும். இவற்றுள் பழையவை 1914 முதல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. 2011 முதல் திருச்சிராப்பள்ளியில் உள்ள பொன்மலைப் பணிமனையில் இதே வகுப்பில் புதிய பொறிகள் கட்டப்பட்டுள்ளன. உலகின் பல நாடுகளில் நீராவி வண்டிகள் விடுமுறை நாட்களிலும் சிறப்பு விழாக்களிலும் மட்டுமே ஓடுகின்றன. நீலகிரியில் அவை கால அட்டவணைப்படி ஓடும் வழக்கமான சேவையின் பகுதியாக இருக்கின்றன. இதுவே இப்பொறிகளின் தனிச்சிறப்பும், அவற்றைக் காப்பதில் உள்ள சிக்கலும் ஆகும்.

பாதை

மேட்டுப்பாளையத்தில் இருந்து உதகமண்டலம் வரை செல்லும் இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இது 1,000 மில்லிமீட்டர் அகலம் கொண்ட மீட்டர் பாதை. கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. வழியில் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள் உள்ளன. கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகியவை இப்பாதையில் உள்ள நிலையங்களுள் சில.

மலைக்கு இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் 1854லேயே முன்வைக்கப்பட்டது. ஆனால் மலையின் செங்குத்தான அமைப்பால் பணி 1891ல்தான் தொடங்கியது. 1899ல் குன்னூர் வரை பாதை திறக்கப்பட்டது. 1908ல் அது உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டது.

பற்சட்டத்தின் தேவை

சாதாரணத் தொடர்வண்டி, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வைக் கொண்டே நகர்கிறது. இரண்டும் வழவழப்பான எஃகினால் ஆனவை. எனவே ஏற்றம் கூடும்போது சக்கரங்கள் சுழன்றாலும் வண்டி முன்னேறாமல் வழுக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 19 கிலோமீட்டர் தொலைவில் பாதை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர்கிறது. சில இடங்களில் ஏற்றம் 12க்கு 1 என்ற அளவில் உள்ளது. அதாவது 12 மீட்டர் முன்னே செல்வதற்குள் 1 மீட்டர் மேலேற வேண்டும்.

இதற்காக இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய எஃகுச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. பொறியின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் இவற்றில் பதிந்து, ஏணியில் ஏறுவது போலப் படிப்படியாக ஏறுகின்றன. இரு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். ஒரு பல் விலகும் நேரத்தில் மற்றொரு பல் பிடித்துக்கொண்டிருப்பதால் அதிர்வின்றி ஏற முடிகிறது. இம்முறையை உருவாக்கிய சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவரின் பெயரால் இது ஆப்ட் முறை எனப்படுகிறது. இந்தியாவில் பற்சட்டம் கொண்ட ஒரே இருப்புப்பாதை இதுவே.

குன்னூருக்கு மேல் ஏற்றம் அதிகபட்சம் 23க்கு 1 என்ற அளவில் குறைந்துவிடுவதால் அங்கே பற்சட்டம் தேவைப்படுவதில்லை. அப்பகுதியில் டீசல் பொறிகள் வண்டியை இழுக்கின்றன.

எக்ஸ் வகுப்பு

தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் பேயர் பீகாக் நிறுவனம் செய்த பொறிகள் இப்பாதையில் ஓடின. பின்னர் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் அண்டு மெஷின் ஒர்க்ஸ் நிறுவனத்தில் எக்ஸ் வகுப்புப் பொறிகள் செய்யப்பட்டன. 1914க்கும் 1925க்கும் இடையே 12 பொறிகளும், 1952ல் மேலும் 5 பொறிகளும் வந்து சேர்ந்தன.

எக்ஸ் வகுப்புப் பொறியில் நான்கு உருளைகள் உள்ளன. இரண்டு உருளைகள் தண்டவாளத்தின் மீது ஓடும் சக்கரங்களை இயக்குகின்றன. மற்ற இரண்டும் பற்சக்கரங்களை இயக்குகின்றன. சமதளத்தில் முதல் இணை மட்டுமே வேலை செய்யும். பற்சட்டப் பகுதிக்குள் நுழைந்ததும், கொதிகலனில் இருந்து வரும் உயர் அழுத்த நீராவி முதலில் முதல் இணை உருளைகளுக்குச் சென்று வேலை செய்கிறது. அங்கிருந்து அழுத்தம் குறைந்து வெளியேறும் நீராவி வீணாக்கப்படாமல் இரண்டாம் இணைக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இவ்வாறு ஒரே நீராவி இரு முறை பயன்படுவதால் எரிபொருளும் நீரும் மிச்சமாகின்றன. இவ்வகைப் பொறிகள் கூட்டுப் பொறிகள் எனப்படுகின்றன.

ஏறும்போது பொறி வண்டிக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது அதே கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளைத் தாங்கியபடி வருகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு ஓடிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இறங்கும்போது உருளைகளில் காற்றை அமுக்கி, அந்த எதிர்ப்பையே வேகத் தடையாகப் பயன்படுத்தும் வசதியும் உண்டு. பற்சட்டப் பகுதியில் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் மட்டுமே.

பணியாளர்

நீராவிப் பொறியை டீசல் பொறியைப் போல நினைத்தவுடன் கிளப்ப முடியாது. குளிர்ந்த கொதிகலனைச் சூடாக்கித் தேவையான அழுத்தம் ஏற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகும். எனவே காலையில் வண்டி புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஓட்டுநர் நீராவியின் அளவையும் வேகத்தையும் கவனிக்க, பயர்மேன் தீயையும் கொதிகலனின் நீர் மட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார். நீர் மட்டம் அளவுக்குக் கீழே இறங்கினால் கொதிகலன் பழுதாகும், விபத்தும் நேரலாம். ஏற்றத்தில் பொறி சாய்ந்தே நிற்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் வண்டி நின்று நீர் நிரப்பிக்கொள்கிறது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். ஓட்டுநர் எழுப்பும் ஊதல் ஒலியைக் கேட்டு அவர் தம் பெட்டியின் தடையைக் கையால் இயக்குகிறார். பெரும்பாலான இருப்புப்பாதைகளில் மறைந்துவிட்ட இவ்வேலைகளை நூல்களைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள இயலாது. மூத்த பணியாளருடன் பொறியில் நின்று பழகியே கற்க வேண்டும்.

பிற பாதைகளில் நீராவியின் மறைவு

சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் 1972 வரை 2,351 நீராவிப் பொறிகளைக் கட்டியது. அதன் பின் அங்கே டீசல், மின்சாரப் பொறிகளே கட்டப்பட்டன. அகலப் பாதையில் கடைசி வழக்கமான நீராவி வண்டி 1995 டிசம்பர் 6ல் ஓடியது.

இதே காலத்தில் மீட்டர் பாதைகளும் மறையத் தொடங்கின. நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992ல் தொடங்கப்பட்டது. திருவண்ணாமலை வழியே செல்லும் விழுப்புரம்–காட்பாடி பாதை உட்படத் தமிழ்நாட்டின் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதைகளாயின. பயணிகளுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் இது பெரும் நன்மை தந்தது. எனினும், மீட்டர் பாதைக்கான உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த பணியாளரும் இதனால் குறைந்தனர். நீலகிரிப் பாதை மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதையையே சந்திக்கிறது. ஆகவே பெரும் பழுது ஏற்பட்டால் பொறியை வேறு வண்டியில் ஏற்றித்தான் பணிமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பொன்மலையில் கட்டப்பட்ட பொறிகள்

பழைய பொறிகள் தேய்ந்துபோனபோது, அவற்றைச் செய்த தொழிற்சாலையில் புதியவை வாங்கும் வழி இல்லை. ஏனெனில் வின்டர்தூர் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் தனி நிறுவனமாக நீடிக்கவில்லை. எனவே தென்னக இரயில்வே தன் பொன்மலைப் பணிமனையிலேயே எக்ஸ் வகுப்புப் பொறிகளைக் கட்ட முடிவு செய்தது. முதல் பொறி 2011ல் வெளிவந்தது. 2014க்குள் நான்கு பொறிகள் கட்டப்பட்டன. சித்தரஞ்சனில் நீராவிப் பொறி கட்டுவது நின்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இப்பணி நடந்தது.

இந்த நான்கு பொறிகளும் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிப்பவை. நிலக்கரிப் பொறியில் இருந்து பறக்கும் தீப்பொறிகள் கோடைக்காலத்தில் காட்டுத்தீயை உண்டாக்கலாம். நிலக்கரியின் தரம் குறைந்தால் சாம்பல் கூடி, நீராவி குறையும். எண்ணெய் எரிக்கும் பொறியில் இச்சிக்கல்கள் குறைவு. அதே வேளையில், மண்வாரியால் நிலக்கரி அள்ளிப் போட்டுத் தீயைச் சீராக வைக்கும் திறன் இதனால் மறையும் என்ற கவலையும் உண்டு. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் இயங்கும் புதிய பொறி ஒன்றையும் பொன்மலைப் பணிமனை கட்டி முடித்தது.

சுவிட்சர்லாந்திலும் இதற்கு ஒப்பான முயற்சி நடந்துள்ளது. பிரியன்சு ரோட்ஹார்ன் மலைப்பாதைக்காக வின்டர்தூர் நிறுவனம் 1990களில் கட்டிய புதிய பற்சக்கர நீராவிப் பொறிகளும் எண்ணெயில் ஓடுபவையே.

நீராவி விழாக்களுடன் ஒப்பீடு

பிரித்தானியாவில் வழக்கொழிந்த பல பாதைகளைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்துகின்றனர். வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதை 1951ல் இவ்வாறு தன்னார்வலர் பொறுப்புக்கு வந்தது. இத்தகைய பாதைகளில் ஆண்டுக்குச் சில முறை வார இறுதிகளில் நீராவி விழா நடைபெறும். வழக்கமாக ஒன்றிரண்டு பொறிகள் ஓடும் பாதையில் அன்று பல பொறிகள் சூடேற்றப்படும். ஒரே வண்டியை இரு பொறிகள் இழுக்கும். பணிமனை பார்வையாளருக்குத் திறந்து விடப்படும். பிற பாதைகளில் இருந்தும் விருந்தினராகப் பொறிகள் வரும்.

சிறுவடிவ இருப்புப்பாதைகளிலும் இவ்விழாக்கள் நடைபெறுகின்றன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1927ல் திறக்கப்பட்ட ரோம்னி, ஹைத், டிம்சர்ச் பாதையின் அகலம் 381 மில்லிமீட்டர் மட்டுமே. அதன் நீராவிப் பொறிகள் பெரிய பொறிகளின் மூன்றில் ஒரு பங்கு அளவு கொண்டவை. பொறி சிறிதாக இருந்தால் சுமையுந்தில் ஏற்றி இன்னொரு பாதைக்குக் கொண்டு செல்வது எளிது. எனவே ஒரு பாதையில் பொறி பழுதானால் அதே அகலமுள்ள மற்றொரு பாதையில் இருந்து இரவல் பெறவும் முடிகிறது.

இந்தியாவில் இவ்விழாக்களுக்கு நெருக்கமானவை பாரம்பரியச் சிறப்பு ஓட்டங்களே. 1855ல் செய்யப்பட்ட ஃபேரி குயின் பொறி, 1997ல் தில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே சுற்றுலா வண்டியை இழுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற பொறி நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிப்பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனை சீரமைத்து 2010ல் மீண்டும் ஓடச் செய்தது. இவை எப்போதாவது ஓடுபவை. ஓடாவிட்டாலும் பயணிகள் சேவை எதுவும் நிற்பதில்லை.

நீலகிரியின் நிலை வேறு. மீட்டர் பாதை அகலமும் ஆப்ட் பற்சட்டமும் சேர்ந்த வேறு பாதை இந்தியாவில் இல்லாததால், எந்தப் பாதையில் இருந்தும் பொறியை இரவல் பெற முடியாது. உள்ள பொறிகளைப் பழுதுபார்க்கவோ புதிதாகக் கட்டவோ மட்டுமே வழி உண்டு.

பாரம்பரியமும் பராமரிப்பும்

யுனெஸ்கோ 1999ல் டார்ஜிலிங் இமாலய இருப்புப்பாதையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2005ல் நீலகிரிப் பாதையும், 2008ல் கல்கா–சிம்லா பாதையும் அதனுடன் சேர்க்கப்பட்டன. இம்மூன்றும் இணைந்து இந்திய மலை இருப்புப்பாதைகள் என அழைக்கப்படுகின்றன.

மழைக்காலத்தில் நிலச்சரிவு இப்பாதையின் முதன்மையான இடர். மண்ணும் பாறையும் சரிந்து தண்டவாளத்தையும் பற்சட்டத்தையும் மூடுவதால் சேவை அவ்வப்போது நிறுத்தப்படுகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழைக்குப் பின் சேவை நீண்ட காலம் தடைப்பட்டது.

பழைய பொறிகளை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் அவற்றின் இரும்பு தேயாது. ஆனால் அவற்றை ஓட்டுவோர், கொதிகலனைப் பழுதுபார்ப்போர், பற்சக்கரம் வெட்டுவோர் ஆகியோரின் தொழில் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் பாகங்கள் தேயும், மாற்றப்படும், காலப்போக்கில் பொறியே புதிதாகக் கட்டப்பட வேண்டியிருக்கும். பொன்மலைப் பொறிகள் இவ்விரண்டில் இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. அவை நூற்றாண்டுப் பழமை உடையவை அல்ல. எனினும் நூற்றாண்டுப் பழமையான வேலைமுறை அவற்றின் மூலம் தொடர்கிறது.

திரைப்படங்களில்

1982ல் வெளிவந்த மூன்றாம் பிறை திரைப்படத்தின் இறுதிக் காட்சி கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது. 1984ல் வெளிவந்த டேவிட் லீனின் ஏ பாசேஜ் டு இந்தியா என்ற ஆங்கிலத் திரைப்படத்திலும், 1998ல் வெளிவந்த மணிரத்னத்தின் தில் சே என்ற இந்தித் திரைப்படத்திலும் இப்பாதையின் வண்டி இடம்பெற்றுள்ளது. தில் சே திரைப்படத்தில், ஓடும் வண்டியின் கூரை மீது ஆடும் பாடல் காட்சியால் இப்பாதை தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பரவலாக அறியப்பட்டது.