குழியை மூடுவது யார்?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மெர்தர் டிட்வில் என்னும் நகரம் உள்ளது. ஒரு காலத்தில் இரும்புக்கும் நிலக்கரிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. தொழில்கள் நலிந்த பிறகு, நகரை ஒட்டிய மேட்டுநிலத்தில் பழைய சுரங்கங்களும் கழிவுக் குவியல்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்நிலத்தைச் சீரமைக்க ஒரு வழி சொல்லப்பட்டது. அங்கே எஞ்சியிருக்கும் நிலக்கரியை ஒரு நிறுவனம் தோண்டி விற்றுக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, வேலை முடிந்ததும் நிலத்தை மக்கள் நடமாடக்கூடிய புல்வெளியாக மாற்றித் தரவேண்டும். 2005ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஃபோஸ்-ஒய்-ஃபிரான் திறந்தவெளிச் சுரங்கம் இவ்வாறுதான் உருவானது.

‘நிலமீட்பு’ என்றதும் நம்மில் பலருக்குக் கடலைத் தூர்த்து நிலமாக்குவதுதான் நினைவுக்கு வரும். சுரங்கத் தொழிலில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. தோண்டிய நிலத்தை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவதையே அது குறிக்கிறது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலத்தின் மேற்பரப்பு முழுவதையும் அகற்றிய பிறகே நிலக்கரியை எடுக்க முடியும். முதலில் வளமான மேல்மண்ணைத் தனியே சேர்த்து வைப்பார்கள். அதன்பின் பாறைகளை உடைத்து ஓரிடத்தில் குவிப்பார்கள். சீரமைக்கும்போது பாறை அடியிலும் மேல்மண் மேலேயும் வரவேண்டும். மாறினால் புல்கூட முளைக்காது. சிக்கல் என்னவென்றால், இந்த வேலையின் பெரும்பகுதி இறுதியில்தான் நடக்கும். நிலக்கரி தீர்ந்தால் வருமானமும் நின்றுவிடும். பெருஞ்செலவோ அப்போதுதான் தொடங்கும்.

ஆகவே, அனுமதி வழங்கும்போதே பிணைத்தொகை கேட்பது பல நாடுகளில் வழக்கம். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிணை தராத நிறுவனம் நிலத்தைத் தோண்டவே முடியாது. குழி மூடப்படுவது, செடிகொடிகள் வேரூன்றுவது எனச் சீரமைப்பு முன்னேறுவதற்கேற்ப அது படிப்படியாக விடுவிக்கப்படும்.

ஃபோஸ்-ஒய்-ஃபிரான் சுரங்கத்திற்கான அனுமதி 2022 செப்டம்பரில் முடிவடைந்தது. நிறுவனம் கால நீட்டிப்புக் கேட்டது. எஃகு ஆலைக்கு நிலக்கரி தேவை என்றது. கூடவே, நிலத்தைச் சீரமைக்கப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்றும் கூறியது. குழியை மூடப் பணமில்லை. ஆகவே இன்னும் தோண்டவேண்டும் என்ற இந்த வாதம் விந்தையானதுதான். ஆயினும், அதிகாரிகள் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. அனுமதியை மறுத்தால் சீரமைப்பு நின்றுபோகலாம்; கொடுத்தால் நிலத்தை மேலும் தோண்ட நேரிடும். சுரங்கத் தொழிலாளர்களின் வேலையும் இதில் அடங்கியிருந்தது.

பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேல்ஸ் அரசின் கொள்கைக்கு நீட்டிப்பு முரணானது என்று அதிகாரிகள் அறிக்கை அளித்தனர். 2023 ஏப்ரலில் நகராண்மைக் கழகம் விண்ணப்பத்தை ஒருமனதாக நிராகரித்தது. எனினும், அனுமதி முடிந்த பின்னரும் நிலக்கரி எடுப்பது நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில்தான் சுரங்கம் மூடப்பட்டது. சீரமைப்புச் செலவு 50 மில்லியன் பவுண்டுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. ஆனால், அதற்கென ஒதுக்கப்பட்டிருந்ததோ 15 மில்லியன் பவுண்டு மட்டுமே.

எஞ்சிய செலவு யார் தலையில் விழும் என்று அவ்வூர் மக்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. சில கிலோமீட்டர் தெற்கே அபர்வேன் என்னும் சிற்றூர் உள்ளது. 1966 அக்டோபர் 21ஆம் நாள், மழையில் ஊறிய நிலக்கரிக் கழிவுக் குவியல் ஒன்று சரிந்து அங்கிருந்த பள்ளியை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு மக்கள் அளித்த நன்கொடையிலிருந்தே 150,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தப் பணம் 1997ஆம் ஆண்டில்தான் திரும்பக் கிடைத்தது. வட்டி சேர்க்கப்படவில்லை.

ஃபோஸ்-ஒய்-ஃபிரானில் சுரங்கம் மூடப்பட்ட பின் குழியில் நீர் தேங்கத் தொடங்கியது. குழியை முழுவதும் மூடாமல், அதில் ஓர் ஏரியை விட்டுவிடலாம் என்று நிறுவனம் செலவு குறைந்த புதிய திட்டமொன்றை முன்வைத்தது. 2005ஆம் ஆண்டு அனுமதியின்போது மக்களுக்குச் சொல்லப்பட்டதோ புல்வெளி.