தசைவலி ஊசி: வேலை செய்வது மருந்தா, முனையா?

மாதக் கடைசிக்குள் பதிவு செய்தால் ஆறு ஊசிக்கு நான்கு ஊசியின் கட்டணம் போதும் என்று ஒரு துண்டறிக்கை புதுச்சேரிக்குள் சுற்றுகிறது. கழுத்துவலி, தோள்பட்டைப் பிடிப்பு, குறுக்குவலி எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வாக அது சொல்வது 'டிரிகர் பாயிண்ட்' ஊசி. முத்தியால்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் வந்த வாசகர் கடிதங்களில் குழப்பம் பல விதம். இது ஸ்டீராய்டா? சர்க்கரை ஏறுமா? மரத்துப்போகிற ஊசி என்றால் வலியை மறைக்கத்தானே செய்யும்? நாள் நெருங்குகிற பதற்றம் எழுத்திலேயே தெரிகிறது. அதனால் தேதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாதக்கணக்காகப் படுத்துகிற தசைவலிக்கு 31-ஆம் தேதி என்று ஒரு கெடு கிடையாது. அடுத்த மாதம் போட்டாலும் இதே ஊசிதான்.

'தசையில் கட்டிய முடிச்சைக் கரைக்கும் நவீன மருந்து' என்கிறது துண்டறிக்கை. அந்த ஊசியில் எதையும் கரைக்கிற மருந்து இல்லை. பெரும்பாலும் உள்ளே இருப்பது லிக்னோகெயின். பல் பிடுங்குமுன் ஈறில் போடுகிற அதே மருந்து. ஓர் இடத்துக்கு அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி. நவீனமும் இல்லை: அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு ஜேனட் டிராவெல் என்ற மருத்துவர் 1950-களிலேயே இதன் பழைய உறவான புரோகெயினைத் தசையில் ஏற்றிக்கொண்டிருந்தார். லிக்னோகெயின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கும் அரசின் கட்டுப்பாடு உண்டு. ஆக, நீங்கள் கொடுக்கிற பணத்தில் மருந்தின் பங்கு மிகச் சிறியது.

லிக்னோகெயினின் வீரியம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் ஊசி பலித்தவர்களுக்கு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் வலி குறைந்திருக்கிறது. மருந்து போன பிறகும் நிவாரணம் எப்படி நிற்கிறது? கடிதம் எழுதிய யாரும் இதைக் கேட்கவில்லை. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

ஊசி போடும் விதத்தைப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையை மருத்துவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து உருட்டுகிறார். உள்ளே கயிறு மாதிரி ஓர் இறுக்கம் தட்டுப்படுகிறது. அதில் ஓர் இடத்தை அழுத்தியதும் நோயாளி, "ஆங், அதேதான், காதுக்குப் பின்னாடி ஏறுது" என்கிறார். 'டிரிகர் பாயிண்ட்' எனப்படும் அந்த இடத்தை விரலால் நகரவிடாமல் பிடித்துக்கொண்டு மெல்லிய ஊசியை இறக்குகிறார்கள். சரியான இடத்தில் முனை பட்டால் தசைநார் வெடுக்கென்று தானாக ஒருமுறை இழுத்துக்கொள்ளும். தூண்டிலில் மாட்டிய மீன் துள்ளுவதை விரலில் உணர்வது போல. ஊசியை முழுதாக வெளியே எடுக்காமல் கொஞ்சம் பின்வாங்கி, திசை மாற்றி மறுபடி இறக்குகிறார்கள். துள்ளல் அடங்கும்வரை இது நடக்கும்.

1994-இல் அமெரிக்காவில் ஹோங் என்ற மருத்துவர் ஒரு பிரிவினருக்கு லிக்னோகெயினோடும் இன்னொரு பிரிவினருக்கு வெறும் ஊசியாகவும் இதைச் செய்து பார்த்தார். துள்ளல் வந்தவர்களுக்கு இரண்டு பிரிவிலும் வலி குறைந்தது. துள்ளல் வராதவர்களுக்கு மருந்து போயும் பெரிய பலன் இல்லை. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது: வெறும் ஊசி போட்டவர்களுக்கு, குத்திய இடத்தில் நோவு அதிகம். அதாவது, மருந்து தணித்தது ஊசி உண்டாக்கிய வலியை. தசையின் வலியைத் தணித்தது ஊசிமுனை.

இது ஒருவருடைய ஆய்வு மட்டுமல்ல. செக் மருத்துவர் கரேல் லெவிட் 1979-இலேயே மருந்தில்லா ஊசியின் பலனைப் பதிவு செய்திருந்தார், ஒப்பீட்டுக் குழு இல்லாமல். 1980-இல் 'லான்செட்' இதழில் வந்த சோதனையில் சிலருக்கு மரத்துப்போகும் மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. உப்புநீர் வாங்கியவர்களுக்கே நிவாரணம் சற்று கூடுதலாக இருந்தது. 2001-இல் கம்மிங்ஸ், ஒயிட் என்ற ஆய்வாளர்கள் 23 சோதனைகளை அலசி, ஊசியில் என்ன இருக்கிறது என்பது பலனை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை: ஊசியின் பலன், ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையின் பலனை மிஞ்சுகிறதா என்பதற்கு அந்தச் சோதனைகளில் சான்று போதவில்லை என்றும் எழுதினார்கள். துண்டறிக்கைகளில் இந்த இரண்டாவது பாதி வருவதில்லை.

முனை பட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? டிராவெலும் அவருடைய சக மருத்துவர் சைமன்ஸும் வளர்த்த விளக்கம் இது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கசிகிறது. தசைநாரின் ஒரு துளி இடம் சுருங்கியே கிடக்கிறது. சுருக்கம் ரத்தக் குழாயை நெரிப்பதால் பிராணவாயு குறைகிறது. சுருங்கிய தசை விரியவும் சக்தி வேண்டும், அதுவும் இல்லாமல் போகிறது. வலியைத் தூண்டும் பொருள்கள் அங்கேயே தேங்குகின்றன. ஊசிமுனை இந்தச் சுழற்சியை உடைக்கிறது என்பது அவர்கள் கருத்து. அழகான விளக்கம்தான், ஆனால் முழுதாக நிரூபணமாகவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜான் குவிண்ட்னரும் சகாக்களும் 2015-இல் 'ருமட்டாலஜி' இதழில் இதன் அடிப்படையையே மறுத்து எழுதினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. முனைதான் வேலை செய்கிறது என்றால், இடத்தைக் கண்டுபிடிக்கிற விரல்தான் எல்லாம். எக்ஸ்ரேயில் அந்த இடம் தெரியாது. 1992-இல் நிபுணர்களையே ஒரே ஆட்களைத் தடவிப் பார்க்கச் சொன்னபோது, இறுகிய நார் எது, துள்ளல் எங்கே என்பதில் ஒருவர் சொன்னது மற்றவரோடு பொருந்தவில்லை. அந்த ஆய்வில் சைமன்ஸும் பங்கேற்றவர். 1997-இல் கெர்வின் என்ற மருத்துவரின் குழுவினருக்கும் முதல் சுற்றில் இதே கதி. கூடி உட்கார்ந்து தடவும் முறையை ஒரே சீராக்கிக்கொண்ட பிறகுதான் ஒத்துப்போனார்கள். அனுபவமுள்ளவர்களுக்கே பயிற்சி தேவைப்பட்ட விரல்வேலை இது. உங்களைத் தொட்டுப் பார்க்குமுன்பே 'ஆறு ஊசி' என்று ஒருவர் எப்படி எண்ணிக்கை சொல்ல முடியும்? அந்தச் சலுகையை நான் நம்பாததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வலிக்கிற இடத்தில் குத்துவதும் சரியாகாது. 1938-இல் லண்டனில் கெல்க்ரன் என்ற மருத்துவர் நல்ல தசைகளில் 6 சதவீத உப்புக் கரைசலைச் செலுத்தி, வலி தள்ளி வேறோர் இடத்தில் தோன்றுவதைக் காட்டினார். தலைவலி என்று வருபவரின் கோளாறு தோளில் இருக்கலாம்.

துண்டறிக்கையில் 'அரசுப் பதிவு பெற்றது' என்ற வரியைப் பலர் கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010-இன்படி தற்காலிகப் பதிவுக்கு முன் எந்த விசாரணையும் கிடையாது. விண்ணப்பம் சரியாக இருந்தால் சான்று வரும். சிகிச்சை பலிக்கும் என்பதற்கான முத்திரை அல்ல அது. ஆனால் அதே சட்டத்தின் விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன. அந்தப் பலகையைக் கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஸ்டீராய்டா? வேண்டியதில்லை, சேர்த்தால் சர்க்கரை ஏறும், தோல் வெளுத்து மெலியலாம், கூடுதல் பலனுக்கு ஆதாரம் இல்லை. கலந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆபத்து உண்டா? தோளில் ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறையைத் துளைக்கலாம். அபூர்வம், ஆனால் ஊசிக்குப் பின் மூச்சுத் திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்? முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இது வர்மமா, அக்குபஞ்சரா? இரண்டும் இல்லை.

மறுநாள் வலித்தால்? ஓரிரு நாள் நோவு சகஜம். காய்ச்சலோ வீக்கமோ வந்தால் சகஜமில்லை.

ஊசியோடு முடிந்ததா? இல்லை, தசையை நீட்டும் பயிற்சியும் உட்காரும் விதமும் மாறாவிட்டால் வலி திரும்பும்.

எத்தனை முறை? இரண்டு மூன்று தடவையில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

யாருக்கு இந்த ஊசியே கூடாது? கை மரத்து பலம் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, கோரிமேடு ஜிப்மரிலோ அரசுப் பொது மருத்துவமனையிலோ தாமதிக்காமல் காட்டுங்கள். நெஞ்சிலிருந்து இடது தோளுக்குப் பரவுகிற வலியோடு ஊசி மையத்துக்குப் போகவே கூடாது.