வேலை மாறினால் ஆள் மாறிவிடுவாரா?



பங்கு அலுவலகத்தில் திருமணப் படிவம் நிரப்ப வருகிறவர்கள் பெயர், பிறந்த தேதி, திருமுழுக்குப் பெற்ற பங்கு ஆகியவற்றை மளமளவென்று எழுதிவிடுவார்கள். ‘தொழில்’ என்ற கட்டம் வந்ததும் சிலருடைய பேனா நின்றுவிடும். “இப்போதைக்கு இங்கே என்ன போடுவது, ஃபாதர்?” என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். மூன்று மாதம் முன்பு வரை ஒரு நிறுவனத்தில் இருந்தார், இப்போது வேறு வேலை தேடுகிறார். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அந்த ஒரு வரி வெற்றிடம் ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைத்துவிடுகிறது. வேலை மாற்றமும் வேலை இழப்பும் இன்று எல்லார் வீட்டுக்கும் வந்துபோகிற விருந்தாளிகள். அவற்றை நம் நம்பிக்கையின் ஒளியில் எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றிச் சில சிந்தனைகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலையை மாற்றிக்கொள்வது குறையல்ல. நம் மண்ணில் அது நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்க வேண்டும், துணி வெளுப்பவரின் மகள் துணி வெளுக்க வேண்டும் என்று பிறப்பே வேலையைத் தீர்மானித்த நாடு இது. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். மக்கள் அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நடந்திராவிட்டால், இன்று நம் ஆலய இருக்கைகளில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிலும் செவிலியர்களிலும் பொறியாளர்களிலும் எத்தனை பேர் அந்த இடத்துக்கு வந்திருப்பார்கள்? கட்டுமரத்தில் போன தந்தைக்கும் கணினி முன் அமர்ந்திருக்கும் மகனுக்கும் இடையே இருப்பது ஒரு வேலை மாற்றம்தான்.

எனக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு. குருமடத்தில் சேர்வதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். நான் வேலையை விட்ட அதே மாதத்தில் என் மேசைக்கு எதிர்மேசை நண்பரும் விட்டார். நான் குருவாகப் போகிறேன் என்றதும் ஊரில் எனக்கு மாலை போட்டார்கள். அவர் சொந்தமாக மாடு வாங்கிப் பால் ஊற்றப் போகிறேன் என்றதும், “நல்லாத்தானே இருந்தான், புத்தி கெட்டுப் போச்சு” என்றார்கள். இருவரும் ஒரே மாதிரிச் சம்பளத்தை ஒரே மாதிரி விட்டுவிட்டுப் போனவர்கள்தான். எனக்குப் போட்ட மாலையில் ஒரு பூவையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று இன்றும் நினைப்பதுண்டு. அவருடைய பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் பலர்.

நாசரேத்திலும் இதே கதைதான் நடந்தது. ஏறக்குறைய முப்பது வயதுவரை தச்சுப் பட்டறையில் இருந்த இயேசு போதிக்கத் தொடங்கிச் சொந்த ஊருக்கு வந்தபோது, அவருடைய ஞானத்தைக் கேட்டு வியந்த அதே வாய்கள் அவருடைய பழைய தொழிலைச் சொல்லி இடறல்பட்டன (மாற் 6:1-6). தச்சரைத் தச்சராக மட்டுமே பார்க்கப் பழகிய கண்கள் அவை. ஆண்டவர் அங்கே வல்ல செயல் எதுவும் செய்ய இயலாமற்போனதற்கு அவர்களுடைய நம்பிக்கையின்மை காரணம் என்கிறார் மாற்கு. ஒரு மனிதரை அவருடைய தொழிலுக்குள் அடைத்துப் பூட்டுவதும் நம்பிக்கையின்மையின் ஒரு வடிவம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விவிலியத்தில் வேலை மாறியவர்கள் ஏராளம். ஆமோஸ் ஆடுகளையும் அத்தி மரங்களையும் விட்டு இறைவாக்குரைக்க வந்தார். மத்தேயு சுங்கச்சாவடியை விட்டு எழுந்தார். ஆனால் சக்கேயுவை வேலையை விடும்படி ஆண்டவர் கேட்டதாக லூக்கா எழுதவில்லை; நேர்மைதான் அங்கே புதிதாக நுழைந்தது. அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் அரசன் கிளவுதியுவின் கட்டளையால் உரோமையிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்தவர்கள். கையில் இருந்த கூடாரத் தொழிலை வைத்து மீண்டும் தொடங்கினார்கள், பவுலுக்கும் அதே பட்டறையில் இடம் கொடுத்தார்கள் (திப 18:1-3). எனக்கு மிகவும் பிடித்த பகுதி யோவான் 21. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிய பேதுரு பழைய தொழிலுக்கே, வலைக்கே, திரும்பிப் போகிறார். உயிர்த்த ஆண்டவர் கரையில் நின்று கடிந்துகொள்ளவில்லை. கரி நெருப்பு மூட்டிக் காலை உணவு ஆயத்தம் செய்கிறார். வேலை இழந்தவருக்கு முதலில் தேவை அறிவுரை அல்ல என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

உழைப்பைப் பற்றித் திருஅவையின் போதனையில் ‘லபோரெம் எக்ஸர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலுக்குத் தனி இடம் உண்டு. 1981 செப்டம்பரில் அதை எழுதியவர் புனித இரண்டாம் யோவான் பவுல். அவர் அறையில் அமர்ந்து உழைப்பை ஆராய்ந்தவர் அல்ல. மொழியும் இலக்கியமும் நாடகமும் பயின்ற இளைஞராக இருந்தபோது, நாசிகள் 1939இல் போலந்தைக் கைப்பற்றிப் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 1940 முதல் கல்குவாரியிலும் பிறகு ஒரு வேதியியல் ஆலையிலும் கூலியாளாக வேலை செய்தார். அந்த ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 1942இல் மறைவாகக் குருத்துவப் பயிற்சியைத் தொடங்கினார். அவர் சொல்லும் அடிப்படை இது: வேலையின் மதிப்பு அது உண்டாக்கும் பொருளிலோ ஈட்டும் பணத்திலோ முதலில் இல்லை, அதைச் செய்கிறவர் ஒரு மனிதர் என்பதில் இருக்கிறது. அப்படியானால் வேலை போகலாம், மாறலாம். மதிப்பின் ஊற்று போய்விடுவதில்லை.

அதே மடலில் இன்னொரு கருத்தும் உண்டு. ‘மறைமுக முதலாளி’ என்கிறார். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறவர் நேர்முக முதலாளி. அவருக்குப் பின்னால் அவருடைய கையைக் கட்டிப்போடும் சட்டங்கள், ஒப்பந்தங்கள், நாடுகளுக்கிடையிலான வணிக உறவுகள், அரசின் கொள்கைகள் இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து மறைமுக முதலாளி. ஓர் ஊரில் வேலை நீதியாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதுவும் பொறுப்பு. திருத்தந்தை இதில் முதன்மையாக அரசைச் சுட்டுகிறார். நான் அதைச் சற்று நீட்டி, நம் பங்குச் சமூகத்தையும் அதில் சேர்க்கத் துணிகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய மாமல்லபுரம் சாலை வட்டாரத்தில் பணியாற்றும் குருக்கள் எவரிடமும் இது போன்றதொரு நிகழ்வு இருக்கும். நான் அறிந்தவர் நாற்பத்து நான்கு வயதுக்காரர், தென்மாவட்டக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர், அவருடைய குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்து, தாமாகவே விலகுவதாகக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் ஏழு வாரங்கள் காலை எட்டு மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, பாதி நாள் நம் ஆலயத்து மாதா கெபியருகில் அமர்ந்திருந்தார். பக்திமான் என்று நினைத்தவர்கள் உண்டு. தவணை கட்டப்படவில்லை என்று வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை மனைவி படித்த அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது. “வேலை போனதுகூடப் பரவாயில்லை, ஃபாதர். வர்ற திருவிழாவுக்கு ஊருக்குப் போனா என்ன வேலைன்னு கேப்பாங்களே, அதான் பயம்” என்றார்.

இதில் சட்டத்தின் பக்கம் ஒன்று உண்டு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளர் புதிய திறன் கற்க 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தாமாகவே விலகியதாகக் கையெழுத்துப் போட்டவர் ஆட்குறைப்புக் கணக்கில் வரமாட்டார். ஆகவேதான் அந்தக் கடிதத்தை அவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறார்கள். எதிலும் கையெழுத்திடுமுன் ஒருநாள் அவகாசம் கேளுங்கள், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

இன்னொரு பக்கம் கடன். வேலையை விட விரும்பியும் விட முடியாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஊருக்குப் போய் ஆசிரியராகலாம் என்று ஏங்கும் மென்பொருள் பொறியாளர் இருக்கிறார். இருபதாண்டு வீட்டுக்கடன் அவரை அசையவிடுவதில்லை. அன்று பிறப்பு மனிதரை ஒரு வேலையில் கட்டிப்போட்டது. இன்று மாதத் தவணை கட்டிப்போடுகிறது. மாற விரும்பாதவரைத் தூக்கி எறிகிறது, மாற விரும்புகிறவரை இறுக்கிப் பிடிக்கிறது. இதை எப்படிச் சுதந்திரச் சந்தை என்கிறார்களோ, பொருளாதாரம் படித்தவர்கள்தான் விளக்க வேண்டும்.

அந்தக் கடன் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று? இங்கேதான் நாம் வருகிறோம். வரன் தேடும்போது குணத்தைக் கேட்பதற்கு முன் சம்பளத்தைக் கேட்கிறோம். சொந்த வீடு இல்லாதவருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். புதுநன்மை விழாவைக் கல்யாணம் போல நடத்துகிறோம். திருவிழா நன்கொடைப் பட்டியலைத் தொகை வரிசையில் அச்சிட்டு ஒட்டுகிறோம். புதுக் கார் மந்திரிக்க மாதம் நான்கைந்து பேர் அழைக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் தையல் இயந்திரத்தை மந்திரிக்கக் கேட்டவர் ஒரே ஒரு பெண்மணி. சாதி சொல்லும் தொழிலை விட்டு வெளியேறித் தேநீர்க்கடை வைத்த சகோதரரின் கடையில் நம்மவர்களே தேநீர் குடிக்காமல் போன ஊர்களும் உண்டு. மறைமுக முதலாளி தில்லியில் மட்டும் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியுமா?

திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் கர்தினால்களிடம் பேசியபோது, தாம் இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கான காரணத்தைக் கூறினார். 1891இல் ‘ரேரும் நொவாரும்’ மடல் வழியாகத் தொழிற்புரட்சிக் காலத் தொழிலாளருக்காகக் குரல்கொடுத்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு மனித உழைப்புக்கும் மாண்புக்கும் முன்வைக்கும் சவாலைச் சுட்டிக்காட்டினார். ஆக, இந்த அலை ஓயப்போவதில்லை. இன்று நிலையானதென்று நாம் நம்பும் வேலைகளும் மாறும்.

எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வழக்கமாக அரிசி, மருந்துச் செலவு என்று உதவுவார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு என்ன உதவி என்று முதலில் தயங்கினார்கள். பிறகு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் ஆலய அலுவலகத்தில் அமர முன்வந்தார். தவணை 90 நாள் நிலுவையானால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்திவிடும். அதற்கு முன்பே வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள் என்று விளக்கி, விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கிறார். அன்பியங்கள் வழியாகச் செய்தி சொன்னோம். முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை மூவர் வந்தார்கள், மூவரும் பக்கவாசல் வழியாக.