பிள்ளை பெற்றாலும் பரீட்சை எழுதலாம்!
என் சின்ன நாத்தனார் எம்.எஸ்சி., படிக்கும்போது பிரசவமாகி, ஒன்றரை மாதம் கல்லூரிக்குப் போகவில்லை. 'வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லை. பரீட்சை எழுத முடியாது' என்று கல்லூரியில் கைவிரித்து விட்டனர். அவள் மாமியாரோ, 'பிள்ளை பெத்தவளுக்கு இனி படிப்பெதுக்கு?' என்று முடித்தே விட்டார்.

படிக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பும், வருகைப்பதிவில் சலுகையும் தர விதிமுறை வகுக்கச் சொல்லி, பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் கடித நகலோடு டாக்டர் சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இணைத்து, துறைத் தலைவர் மூலமாக முதல்வருக்கு மனு கொடுத்தோம். வாயால் கேட்டால், 'பார்க்கலாம்' என்பதோடு சரி; எழுத்தில் கொடுத்து, நம்மிடம் உள்ள நகலில் சீல் வாங்கிக் கொள்ள வேண்டும். பத்து நாள் அலைச்சல்தான். ஹால் டிக்கெட் வந்தது. எல்லாப் பேப்பரும் எழுதிவிட்டாள்.